புல்லின் முதுகு

செப்டம்பர் 18, புதன்

கோவில்பட்டி வந்து சேர்ந்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஏழு மணி நேரம். அதில் ஐந்து மணி நேரம் பின் இருக்கைக்காரர் போனில் நிலத் தகராறு பேசினார். கம்பெனிக்கு அனுப்பும் தினக்குறிப்பில் அளவுகள் மட்டும்தான் இருக்க வேண்டும். மற்றது இந்த நோட்டில்.

வேலை: ஒரு வீட்டின் பின்புறம் செயற்கைப் புல் தளம். நீளம் 16 மீட்டர், அகலம் 12. இதுவரை நான் போட்டதெல்லாம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கால்பந்துக் கூண்டுகள். வீட்டுக்குப் பின்னால் போடுகிறார்கள் என்றதும் பெரிய பங்களாவாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டே அறை. ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று இதைச் செய்கிறார்கள் என்று ஆட்டோக்காரரே சொல்லிவிட்டார். முட்டாள்தனம்.

வாடிக்கையாளர் பெயர் செண்பகவல்லி. வயது 34. ரயில்வேயில் புக்கிங் கிளார்க். ஹாக்கி கோல் கீப்பர். முழங்கால் அறுவை சிகிச்சை, பிறகு குழந்தை என்று நான்கு வருடம் ஆடவில்லை. அக்டோபர் 26, 27 இரண்டு நாளும் திருச்சியில் துறை அணிக்கான தேர்வு. இந்த முறை எடுக்கவில்லையென்றால் இனி அழைப்பே வராதாம்.

"ஊர்லயே பெரிய டர்ஃப் கிரவுண்டு இருக்குதுங்களே மேடம், அங்க ஆடலாமே?" என்றேன்.

"இருக்கு தம்பி. என் டூட்டி முடியுத நேரத்துல அங்கன வேற டீம் ஆடும். ரெண்டு வயசுப் புள்ளையத் தூக்கிட்டு நான் எங்க போயி நிக்க? கோல் கீப்பருக்கு முழு கிரவுண்டு எதுக்கு? 'டி' இருந்தாப் போதும்."

'டி' என்பது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம். அதன் ஆரம் கிட்டத்தட்ட பதினைந்து மீட்டர்; பக்கவாட்டில் முழுதும் அடங்காது, நீளம் அடங்கும். இடத்தை இவர் அளந்து வைத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அக்டோபர் 6-க்குள் தளம் வேண்டும். அப்போதுதான் பயிற்சிக்கு இருபது நாள் கிடைக்கும்.

"இருபது நாள் போதுங்களா?"

"பத்தாது. ஆனா அதான் இருக்கு."

ஹாக்கியோ கால்பந்தோ, எனக்கென்ன. புல் புல்தான்.

செப்டம்பர் 19, வியாழன்

கரிசல் மண். வெடிப்புக்குள் என் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். போனது போனதுதான், ஸ்கேல் திரும்பி வரவில்லை.

கம்பெனி வரைபடத்தில் நான்கு அங்குல ஜல்லி. கோயம்புத்தூர் செம்மண்ணுக்குச் சரி. இங்கே ஒரு மழை பெய்தால் மண் உப்பித் தளத்தைத் தூக்கிவிடும், வெயில் அடித்தால் நடுவில் பிளந்துவிடும். மேனேஜர் சடகோபனுக்குப் போன் செய்து ஒன்றரை அடி தோண்டிச் சரள் மண் நிரப்பப் போகிறேன் என்றேன். வீட்டுக் கொல்லைக்கு இவ்வளவு எதற்கு என்றார். மண்ணுக்கு அது வீடா ஸ்டேடியமா என்று தெரியாது சார் என்றேன். போனை வைத்துவிட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளூர்க் கொத்தனார் பெத்துராஜ். நாற்பது வயது. வாய் நிற்காது. "இன்ஜினியரு, இம்புட்டு ஆழம் தோண்டுனா தண்ணியே வந்துரும், கெணறுன்னு கணக்கு எழுதிருவோமா?" என்றார். தோண்டுங்க என்றேன்.

செப்டம்பர் 21, சனி

பொக்லைன் சந்துக்குள் நுழையவில்லை. ஆறு பேர், ஆறு மண்வெட்டி.

செப்டம்பர் 24, செவ்வாய்

பள்ளம் முக்கால்வாசி முடிந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் பள்ளத்துக்குள் செண்பகவல்லி நிற்கிறார். அலுவலகச் சேலையை மாற்றிவிட்டு டிராக் பேண்ட், இரண்டு காலிலும் தலையணை மாதிரி பேடு. மேலே அவர் கணவர் உத்தண்டராமன் ஒரு வாளி டென்னிஸ் பந்துகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எறிகிறார். பந்து மண் சுவரில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரியாது. இவர் காலாலேயே தடுக்கிறார்.

உத்தண்டராமன் மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். தூங்க வேண்டிய நேரம். கொட்டாவி விட்டுக்கொண்டே எறிகிறார்.

"ஏங்க, கண்ணைத் தொறந்து எறிங்க. எனக்கு எறியுதீங்களா, கோழிக்குத் தீனி போடுதீங்களா?"

"தொறந்துதான் இருக்கு செம்பா. உன் வேகத்துக்குத்தான் எறியுதேன்."

அடுத்த பந்து உதை வாங்கி உத்தண்டராமன் காதுக்குப் பக்கத்தில் திரும்பிப் போனது. வேலையாட்கள் சிரித்தார்கள்.

பள்ளத்தில் நிற்பது பாதுகாப்பு விதிகளுக்கு எதிரானது. வெளியே வரச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது பந்துகளை எண்ணினேன். தடுத்தது முப்பத்திரண்டு.

செப்டம்பர் 28, சனி

சரள் நிரப்பித் தண்ணீர் விட்டு மூன்று அடுக்காக இறுக்கினோம். அதிர்வு இயந்திரச் சத்தத்தில் குழந்தை யாழினி அழும் என்று பயந்தேன். அது தூங்கியது. நிறுத்தினால் எழுந்து அழுதது. மதிய உணவு இடைவேளையை ரத்து செய்தோம்.

அக்டோபர் 1, செவ்வாய்

அடித்தளம் முடிந்தது. மேலே கல்தூள். நூற்றுக்கு ஒன்று சரிவு, வீட்டை விட்டு விலகி. பதினாறு இடத்தில் மட்டம் பார்த்தேன், எங்கேயும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பிழை இல்லை. நான் இதுவரை போட்டதிலேயே நல்ல அடித்தளம் இதுதான். பெத்துராஜ் கூடப் பேசாமல் நின்று பார்த்தார். பத்து வினாடி இருக்கும்.

அக்டோபர் 3, வியாழன்

லாரி வந்தது. மூன்று ரோல். ஒன்றைப் பிரித்து விரித்தோம். பளிச்சென்ற பச்சை.

செண்பகவல்லி அலுவலகத்திலிருந்து நேராக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல் மேல் நின்றார். கட்டைவிரல் புல்லுக்குள் மறைந்தது. உள்ளே போய் ஒரு ஹாக்கிப் பந்தைக் கொண்டுவந்து உருட்டினார். வெள்ளைப் பந்து இரண்டு மீட்டர் போய்ப் புல்லுக்குள் உட்கார்ந்துவிட்டது.

"இது என்ன தம்பி?"

"டர்ஃபுங்க மேடம். நாற்பது மில்லிமீட்டர். நல்ல சரக்குங்க."

"இதுல மாடு மேய்க்கலாம். ஹாக்கி ஆட முடியாது."

பெத்துராஜ் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல டர்ஃப்னா ஹாக்கி டர்ஃப்தான். முடி வெட்டுன மாதிரி ஒட்ட இருக்கும். பத்துப் பன்னெண்டு மில்லி. உங்க ஊர்ல டர்ஃப்னா வேறயா?"

வேறதான். எங்கள் ஊரில் டர்ஃப் என்றால் கால்பந்துக் கூண்டு. செண்பகவல்லி போனில் "டர்ஃப் போடணும், பதினாறுக்குப் பன்னெண்டு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆர்டர் படிவத்தில் "40 மி.மீ., கால்பந்து" என்று பதிவாகியிருக்கிறது. அலுவலக நடைமுறையில் ஏற்பட்ட குளறுபடி. அவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அக்டோபர் 4, வெள்ளி

பதின்மூன்று மில்லிமீட்டர் ஹாக்கிப் புல் கையிருப்பில் இல்லை. வரவழைக்க நான்கு வாரம், அதாவது தேர்வு முடிந்த பிறகு. படிவத்தை யார் நிரப்பியது என்று சடகோபன் கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன்.

செண்பகவல்லியிடம் நான்கு வாரம் என்று சொன்னபோது அவர் கத்தவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கடைசி வாய் வரைக்கும் ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, பின்புறக் கதவைத் திறந்து அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியிருக்கலாம்.

அக்டோபர் 5, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

காலை ஏழு மணிக்கு ரோல்களைத் திருப்பி அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தோம். விரித்திருந்த ரோலின் ஒரு முனை மடிந்து, அடிப்பக்கம் மேலே தெரிந்தது. கறுப்பு ரப்பர் பூச்சு. செண்பகவல்லி வீட்டுக்குள்ளிருந்து வந்தவர் அந்த மடிப்பில் கால் வைத்தார். ராத்திரி மழைத் தூறலில் நனைந்திருந்தது. சர்ரென்று வழுக்கி ஒரு கையை ஊன்றிக்கொண்டார். நான் ஓடினேன். அவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து அந்த ரப்பரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார்.

"இதைக் கவுத்துப் போடுங்க."

"என்னதுங்க?"

"புல்லு கீழ, முதுகு மேல. கவுத்துப் போடுங்க."

முடியாது என்றேன். காரணங்களை அடுக்கினேன். உத்தரவாதம் போய்விடும். ரப்பர் வெயில் தாங்காது, ஆறு மாதத்தில் விரிசல் விடும். பசை ஒட்டாது.

"எனக்கு ஆறு மாசம் வேண்டாம் தம்பி. மூணு வாரம்."

சோதனை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பி.வி.சி. குழாயைப் பாதியாக அறுத்துச் சரிவு மாதிரி சாய்த்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டோம்.

புல் பக்கம்: 2.9 மீட்டர்.
முதுகு, காய்ந்தது: 7.2.
முதுகு, நனைத்தது: 9.8.

இரண்டாவது தடவையும் விட்டேன். 9.7. நான்கு வருடம் சிவில் படித்தவன், மூன்று வருடம் புல் விரித்தவன். ஒரு ரோலை இரண்டு பக்கமும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இவர் வழுக்கி விழுந்த இடத்திலேயே பார்த்துவிட்டார். கீழே போகும் நாற்பது மில்லிமீட்டர் புல், விழுகிற முழங்காலுக்கு மெத்தை. அதையும் அவர்தான் சொன்னார்.

அக்டோபர் 6, ஞாயிறு

கவிழ்த்துப் போட்டாயிற்று.

ரப்பரில் நீளவாக்கில் தையல் வரிகள் தெரியும். வரிக்குக் குறுக்கே பந்து போனால் துள்ளும், வரியோடு போனால் துள்ளாது. அதனால் மூன்று ரோலையும், ஒரு முனையில் நட்டிருந்த கோலை நோக்கி நீளவாக்கில் போட்டேன். ரோல் அகலம் 4 மீட்டர், கோல் அகலம் 3.66. கோல் முழுக்க நடு ரோலுக்குள் விழுகிறது, இணைப்பு கம்பங்களுக்கு வெளியே போய்விட்டது. இது என் யோசனை. எழுதி வைக்கிறேன்.

பசை பிடிக்காததால் இணைப்பைக் கோணி ஊசியால் தைத்தோம். நைலான் கயிறு, விரற்கடைக்கு ஒரு தையல். பெத்துராஜ் ஒரு பக்கம், உத்தண்டராமன் ஒரு பக்கம். மில்லில் மூட்டை தைத்துப் பழகியவர் என்பதால் உத்தண்டராமனின் தையல் நேராக இருந்தது. பெத்துராஜின் தையலைப் பார்த்து, "இது என்ன, ஆஸ்பத்திரித் தையலா?" என்று செண்பகவல்லி கேட்டார்.

"ஒங்க கால்ல போட்ட தையலை விட நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குத் தளம் தயார். சொன்ன தேதி.

அக்டோபர் 7, திங்கள்

பெத்துராஜ் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு ஹாக்கி மட்டையை எடுத்தார். பள்ளிக்கூட அணியில் ஃபுல் பேக்காம். குனிந்து பந்தை மட்டையோடு இழுத்துக்கொண்டு வந்து ஒரு சுண்டு சுண்டினார். பந்து என் இடுப்புயரத்தில் போனது, சத்தம்தான் பிறகு கேட்டது. இந்த ஊரில் யாரைச் சுரண்டினாலும் உள்ளே ஒரு ஹாக்கி ஆட்டக்காரர் இருப்பார் போல.

அதைச் செண்பகவல்லி இடது காலை நீட்டிச் சறுக்கிப் போய்த் தடுத்தார். நனைந்த ரப்பரில் முழு உடம்பும் ஒரு மீட்டர் போனது. எழுந்தார். "அடுத்தது" என்றார்.

நூற்று இருபது முறை விழுந்து எழுந்தார். வெளியே வந்தபோது முழங்கை, இடுப்பு எல்லாம் கறுப்பு.

அக்டோபர் 9, புதன்

மதியம் ரப்பரின் வெப்பம் 61 டிகிரி. முட்டை உடைத்து ஊற்றிப் பார்க்கலாமா என்று பெத்துராஜ் கேட்டார். பயிற்சி இனி காலை ஐந்தரை, மாலை ஆறு.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. என் மட்டக் கருவி, பெத்துராஜின் கரண்டி, மண்வெட்டிகள், செண்பகவல்லியின் பேடு, ஹெல்மெட், மட்டை எல்லாவற்றையும் பின்புறத்தில் வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். குழந்தை அதிர்வு இயந்திரத்துக்குத் தானே குங்குமம் வைத்தது.

என் வேலை இங்கே முடிந்துவிட்டது. சடகோபன் இரண்டு நாளாக அழைக்கிறார், திருப்பூரில் அடுத்த தளம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். தையல் பிரிந்தால் யார் பார்ப்பார்கள்? அதுதான் காரணம்.

சுண்டல் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் செண்பகவல்லி கேட்டார்: "உங்க ஆபீஸ்ல அந்த ஃபார்மை எழுதுனது யாரு தம்பி? பாவம், அந்தாளு வேலை போயிருமா?"

"நான்தாங்க."

சொல்லிவிட்டேன். போனை எடுத்தது நான். எழுதியது நான். என்ன விளையாட்டு என்று கேட்காதது நான். வந்த முதல் நாளே ஹாக்கி என்று தெரிந்தும் படிவத்தைத் திரும்பப் பார்க்காததும் நான்தான். அன்றைக்கே பார்த்திருந்தால் தேர்வுக்கு முன்பே ஹாக்கிப் புல் வந்திருக்கும்.

அவர் முகம் மாறியது.

"தப்பு எழுதுனீங்க, சரி. எங்கிட்ட நின்னு எட்டு நாளா ஆபீசு ஆபீசுன்னு சொன்னீங்க பாருங்க, அதை எதுல சேர்க்க?"

"தப்புதாங்க்கா."

"என் மனை போச்சு, என் வருசம் போகப் பாத்துச்சு. நீங்க நின்னு அளவு நாடாவைச் சுத்திக்கிட்டு இருந்திருக்கீங்க." கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சடகோபனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: படிவம் நிரப்பியது நான். காய்ச்சலும் இல்லை.

அக்டோபர் 12, சனி

செண்பகவல்லி என்னிடம் பேசவில்லை. பந்து பொறுக்கிப் போட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பெத்துராஜ் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். உத்தண்டராமனுக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட். காலை ஐந்தரைக்குச் செண்பகவல்லி ஹெல்மெட்டோடு கோலில் நிற்கிறார், எதிரே அடிக்க ஆள் இல்லை. நான் மட்டையை எடுத்தேன்.

முதல் பந்து கோலுக்குப் போகவில்லை. இரண்டாவது பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனது.

"இன்ஜினியர் தம்பி, கோல் இங்கன இருக்கு. மட்டம் பாத்து அடிங்க." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

பேசிவிட்டார். அடுத்த முப்பது பந்துகளில் பதினெட்டு கோல் திசையில் போயின. அனைத்தையும் தடுத்தார். இதில் என் பங்கு அதிகம்.

அக்டோபர் 16, புதன்

நேற்று முழுக்கக் கனமழை. சந்தில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டுச் சிமெண்ட் தளம் உப்பி விரிந்துவிட்டது. எங்கள் தளத்தில், தண்ணீர் வடிவதற்காக ரப்பரில் உள்ள ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கிச் சரளுக்குள் போய்விட்டது. மட்டம் பார்த்தேன். அதே மூன்று மில்லிமீட்டர். மழை விட்ட இருபதாவது நிமிடம் அவர் கோலில் நின்றார்.

"அடித்தளம் நல்லாப் போட்டிருக்கீங்க" என்றார்.

சடகோபனிடமிருந்து மெயில்: எச்சரிக்கைக் கடிதம். ஹாக்கிப் புல் மாத இறுதியில் வரும். நான் ஊதியமில்லா விடுப்பில் இருப்பதாகக் கருதப்படும். கருதட்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஐம்பது பந்துகள், பெத்துராஜும் அவர் நண்பர்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்தது. அக்டோபர் 7-ல் தடுத்தது 21. இன்று 39. குறைந்தது என்னவென்றால் செண்பகவல்லியின் பேச்சு. முன்பெல்லாம் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கிண்டல் இருக்கும். இன்று பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் முன்பே நகர்ந்துவிட்டார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அவுக தோளைப் பாத்தா தெரியும்" என்றார். நானும் ஒரு மணி நேரம் தோளைப் பார்த்தேன். தோள்தான் தெரிந்தது.

அக்டோபர் 24, வியாழன்

தையல் ஒரு முழம் பிரிந்தது. தைத்தேன். கடைசிப் பயிற்சி. நாளை மதியம் கிளம்புகிறார்கள்.

அக்டோபர் 27, ஞாயிறு, திருச்சி

நானும் வந்தேன். உத்தண்டராமனால் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு பை தூக்க முடியாது என்பதால்.

கோல் கீப்பர் இடம் இரண்டு. வந்தவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நேற்று ஓட்டத்தில் செண்பகவல்லி அக்கா ஏழாவதாக வந்தார். உத்தண்டராமன் ராத்திரி சாப்பிடவில்லை.

இன்று காலை ஆளுக்குப் பன்னிரண்டு பெனால்டி கார்னர், அதாவது 'டி' விளிம்பிலிருந்து கோலை நோக்கி ஓர் அடி. உண்மையான ஹாக்கித் தளம், நீல நிறம், தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவர் கோலுக்குப் போய்க் குனிந்து தரையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

முதல் பந்து உள்ளே போனது. உத்தண்டராமன் என் கையைப் பிடித்தார். இரண்டாவது, வலது கால். மூன்றாவது, சறுக்கல். பிறகு நான் எண்ணவில்லை என்று எழுத ஆசை, ஆனால் எண்ணினேன். பன்னிரண்டில் ஒன்பது. ஏழாவது பந்து தனி. மேல் மூலைக்குப் போன பந்து அது. படுத்துக் கிடந்த நிலையிலிருந்து இடது கையை வீசித் தட்டிவிட்டார். அடித்த பெண் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். இதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பதினொன்றரைக்குப் பட்டியல் வாசித்தார்கள். கோல் கீப்பர், முதல் பெயர் சென்னைப் பெண் ஒருத்தி. இரண்டாவது, "யு. செண்பகவல்லி."

நான் கத்தினேன். மைதானத்தில் கத்தியது நான் ஒருவன்தான். அக்கா திரும்பி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயது, பன்னிரண்டில் எட்டு தடுத்தவள். பேடைக்கூடக் கழற்றாமல் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கீழே மண்டியிட்டு அவள் கால் பேடின் வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அறுவை சிகிச்சை செய்த முழங்காலைத் தரையில் ஊன்றித்தான் அவிழ்த்தார்.

"எந்த ஊரு நீ?"

"சாத்தூருக்கா."

"பக்கத்துல தானே. எங்க வீட்டுக்குப் பின்னால டர்ஃப் போட்டிருக்கு. சனி ஞாயிறு வந்துரு. அடிக்க ஆளு இருக்கு."

அந்தப் பெண் தலையாட்டினாள். உத்தண்டராமன் அழுதுகொண்டே குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சடகோபனை அழைத்தேன். ஹாக்கிப் புல் வந்ததும் கோவில்பட்டிக்கு நான்தான் போவேன், வேறு யாரையும் அனுப்ப வேண்டாம் என்றேன். ஏன், இன்னொரு தப்பு பாக்கி இருக்கிறதா என்றார். இல்லை சார், இப்போது அங்கே இரண்டு கீப்பர்கள், சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்றேன்.